'ஐ7' என்று மட்டும் எழுதிய விலைச்சீட்டை நம்பி 1,280 வெள்ளி கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் யீஷூனில் நான்கறை வீட்டில் வசிக்கும் தாயார் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாக விஷயம் இதுதான். மகனுக்கு 17 வயது. ஓ லெவல் முடித்துவிட்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரப்போகிறான். நல்ல புள்ளி எடுத்தால் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பையனும் எடுத்துவிட்டான். திரையும் சேர்த்து 1,400 வெள்ளிக்கு மேல் போக முடியாது. வேலரன்ட் தினமும் ஆடுகிறான், ஜிடிஏ 5 ஆட ஆசை. படிப்புக்கு அக்காவின் மடிக்கணினி இருக்கிறது.

அவர் முன்னால் மூன்று வழிகள். ஒரு கடைக்காரர் 1,280 வெள்ளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "ஐ7, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், 700 வாட், ஆர்ஜிபி கேஸ்." திரை தனி. மகன் தானே உதிரிபாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். அதில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 புராசசரா, இன்டெலின் ஐ5-12400எஃப்பா, நண்பன் சொல்லும் ரைசன் 5 7500எஃப்பா என்று முடிவாகவில்லை. கணவரோ, அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய ஐ5-6500 கம்ப்யூட்டர் வீட்டில் கிடக்கிறதே, அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால் ஆகாதா என்கிறார். "ஏஎம்டி சூடாகும் என்கிறார்கள், ஐ7 என்றால் பத்து வருஷம் வரும் என்கிறார்கள். கேரோசல் இணையச் சந்தையில் பழையது பாதி விலைக்கு இருக்கிறது என்கிறார் என் தம்பி. பழுதானால் யாரிடம் போய் நிற்பது? கரண்டு பில் எவ்வளவு ஏறும்?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்த 1,280 வெள்ளிச் சீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அது மோசமான கம்ப்யூட்டர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நல்லது என்று சொல்லவும் இல்லை. ஆறு பொருள் எழுதியிருக்கிறார், ஒன்றுக்குக்கூட முழுப்பெயர் இல்லை! கோழிக்கடையில் 'இறைச்சி 1 கிலோ' என்று ரசீது போட்டால் வாங்கிக்கொள்வீர்களா?

சீட்டை வரிவரியாகப் பார்ப்போம்

ஐ7 என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் மேல்வரிசைப் பிள்ளைக்கு இன்டெல் வைக்கும் பெயர். எந்தத் தலைமுறை என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 2013இல் வந்த ஐ7-4770, 2015இல் வந்த ஐ7-6700 இரண்டும் ஐ7தான். இரண்டிலும் 4 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 8 த்ரெட் (அவை ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைகள்). 2022இல் வந்த, விலை குறைந்த ஐ3-12100எஃப்பிலும் அதே 4 கோர், 8 த்ரெட். ஆனால் விளையாட்டில் அந்த இரண்டு பழைய ஐ7களையும் அது தாண்டிவிடும். கோர் ஒவ்வொன்றும் வேகமானது. இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் புராசசர்கள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. வேலரன்டோ, விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் செயலில் இல்லாவிட்டால் உள்ளேயே விடாது. பழைய ஐ7இல் ஏதோ குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தால், கடையில் பளபளவென்று ஓடும். வீட்டுக்கு வந்து வேலரன்ட் திறந்தால்தான் பிழைச்செய்தி வரும்.

மாறாக அது புத்தம்புதிய ஐ7-14700எஃப் ஆகவே இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறையின் மேல்வரிசைச் சில்லுகளில், மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறிச் சில்லையே மெல்ல நைந்துபோகச் செய்யும் குறை இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் வந்தது. இன்டெல் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் இனி கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே நைந்த சில்லைச் சரிசெய்யாது. பழைய பொருளாக வாங்குவோர் இதை மறந்துவிடக்கூடாது. மகன் கேட்கும் ஐ5-12400எஃப் 12ஆம் தலைமுறை. அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

'4 ஜிபி கிராபிக்ஸ்' என்ற வரிதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 2014இல் வந்த ஜிடி 730க்கும் 4 ஜிபி உண்டு, 2019இன் ஜிடிஎக்ஸ் 1650க்கும் 4 ஜிபி உண்டு, 2022இன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் அதே 4 ஜிபி. முதலாவது படம் பார்க்கத்தான் லாயக்கு. ஜிபி என்பது கார்டின் பை எவ்வளவு பெரியது என்று சொல்லும், கை எவ்வளவு வேகம் என்று சொல்லாது.

700 வாட் பவர் சப்ளைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், நீங்களே கடையில் போட்டுப் பார்க்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் '+12வி' என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதன் கீழே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது இந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான். நல்ல 550 வாட் பெட்டியில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இருக்கும். 540 வாட் ஆகிறது. '700 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் மட்டும் தந்தால் உண்மையில் கிடைப்பது 432 வாட். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கானது. பாதுகாப்புச் சுற்றுகள் தரமானவையா என்பதற்கு அது சான்று ஆகாது. நல்ல தயாரிப்பாளரின் 550 வாட், ஐந்தாண்டு உத்தரவாதம், இது போதும். மலிவான பவர் சப்ளை போகும்போது தனியாகப் போவதில்லை, சில நேரம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

முதலில் திரை, பிறகு கார்டு, கடைசியில்தான் புராசசர்

உங்கள் மகன் புராசசரில் தொடங்கி யோசிக்கிறான். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைப்பவர் புராசசர், நிறம் தூவுபவர் கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் புள்ளி வைத்துக் கொடுப்பது முதலாமவர் வேலை. அதே கோலத்தைப் பெரிய வாசலில் போட்டால் புள்ளியின் எண்ணிக்கை மாறாது. நிறம் தூவும் வேலைதான் கூடும். திரையின் தெளிவு 1080பியிலிருந்து 1440பிக்கு ஏறினால் பாரம் கார்டின் தலையில்தான் விழுகிறது. ஆனால் வினாடிக்கு 60 கோலத்துக்குப் பதில் 144 வேண்டும் என்றால் இருவரும் ஓட வேண்டும்.

வேலரன்ட் இலகுவான கோலம், வினாடிக்கு நிறைய வேண்டும். அங்கே புராசசர் பேசும். ஜிடிஏ 5 இரண்டையும் கேட்கும். இனி வரும் பெரிய விளையாட்டுகள் கார்டைப் பிழிந்தெடுக்கும். ஆகவே உங்கள் கணக்குக்கு 24 அங்குலம், 1080பி, 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை படம்) திரை சரி. 1440பி வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், கார்டுக்கு இன்னும் இருநூறு வெள்ளி யார் தருவது என்று கேளுங்கள்.

1,400இல் திரைக்கு 160 வரை ஒதுக்குங்கள். கார்டுக்கு 450 வரை. புராசசரும் மதர்போர்டும் சேர்ந்து 280க்குள் அடங்க வேண்டும். ரேம், எஸ்எஸ்டிக்கு 300. பவர் சப்ளை, கேஸ் 150. மிச்சம் விண்டோஸ் உரிமத்துக்கு. கடைக்குக் கடை பத்து இருபது முன்பின் ஆகும். ஆனால் கார்டின் பங்கைத் தின்றுவிட்டு வேறெதையும் பெரிதாக்காதீர்கள்.

கார்டில் 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி, இரண்டில் உங்கள் ஒதுக்கீட்டுக்குள் எது வருகிறதோ அது. இரண்டுமே 2025இல் வந்தவை, இரண்டுமே 150 வாட் அளவில் நிற்பவை. கடையில் மிச்சம் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 விலை இறங்கியிருந்தால் அதுவும் நல்லது. 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று காட்டினால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். 6 ஜிபி வகை வெறும் நினைவகம் குறைந்தது மட்டுமன்று, வேகமும் குறைக்கப்பட்டது. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி தருகிறதே என்று ஆசை வரும். அந்தக் கார்டு புராசசரிடம் அதிக வேலை வாங்கும். ரைசன் 5 5600 போன்ற முந்தைய தலைமுறையோடு சேர்த்தால் சில விளையாட்டுகளில் தளர்ந்துவிடும். உங்கள் கணக்குக்கு அது பொருந்தாது.

இனி மகன் கேட்ட கேள்வி. 5600ஆ 12400எஃப்பா? இரண்டும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட் வகை. விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. மதர்போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள். 5600 என்றால் பி550 போர்டு, 12400எஃப் என்றால் பி760. கை கடித்தால் எச்610. 5600ஐ ஏ520 போர்டில் போட்டால் ஓடும், ஆனால் கார்டுக்குப் போகும் பாதை பழைய பிசிஐஇ 3.0 ஆகிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 எட்டுத் தடத்தில் மட்டும் பேசும் கார்டு. பாதை பாதியாகக் குறுகினால், அதன் 8 ஜிபி நிரம்பும் நேரத்தில் படம் திக்கித் திக்கி வரும்.

பெயர் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். ரைசன் 5 5500, 5600, 5600ஜி மூன்றும் பட்டியலில் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்து நிற்கும். 5600க்கு 32 எம்பி கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் 16 எம்பிதான், கூடவே பிசிஐஇ 3.0 மட்டும். விளையாட்டில் அந்தப் பாதி கேஷ் நன்றாகவே தெரியும். 'ஸ்டாக் இல்லை, அதே மாதிரிதான் இது' என்று 5500ஐ நீட்டினால், 12400எஃப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாத 'டிரே' சில்லா என்றும் கேளுங்கள். பெட்டியில் வரும் இந்த இரண்டு புராசசருக்கும் விசிறி உள்ளேயே இருக்கும், தயாரிப்பாளரின் மூன்றாண்டு உத்தரவாதமும் உண்டு. டிரே என்றால் விசிறி தனியாக வாங்க வேண்டும். உத்தரவாதமும் கடைக்காரரின் வாய்வார்த்தை அளவில் நின்றுவிடக்கூடும்.

நண்பன் சொன்ன 7500எஃப் இவை இரண்டையும்விட வேகமானது என்பது உண்மை. அது அமரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் புது புராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. 5600க்கும் 12400எஃப்புக்கும் உரிய சாக்கெட்டுகள் முற்றுப்பெற்றவை. சிக்கல் ரேமில் இருக்கிறது. ஏஎம்5க்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டுமே பொருந்தும். 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது, டிடிஆர்5க்குத்தான் அடி அதிகம். 5600 எடுக்கும் முந்தைய வகையான டிடிஆர்4உம் தப்பவில்லை. நான் வைக்கும் கோடு இது: இரண்டு முழுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 150 வெள்ளிக்குள் இருந்து, கார்டைக் குறைக்காமல் அந்தப் பணம் புரட்ட முடிந்தால் 7500எஃப். இல்லாவிட்டால் 5600 அல்லது 12400எஃப். கார்டை ஒரு படி இறக்கி 7500எஃப் வாங்குவது, பந்திக்கு இலை பெரிதாகப் போட்டுவிட்டுச் சோற்றைக் குறைப்பது போல.

கணவர் சொன்ன பழைய கம்ப்யூட்டர்

அவர் யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஐ5-6500 என்பது 2015இன் 4 கோர், 4 த்ரெட். விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பவர் சப்ளை பெரும்பாலும் 200, 250 வாட் அளவில், அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். கார்டுக்கு வேண்டிய 8 முனை வயரே இருக்காது. ஆகவே அதில் கார்டைச் செருகும் திட்டம் நடக்காது.

ஆனால் மூடியைக் கழற்றி ரேமைப் பாருங்கள். அதில் டிடிஆர்4 என்று எழுதி, விரல் நீளத்துக்கு மேல், சுமார் 13 செண்டிமீட்டர் இருந்தால், டிடிஆர்4 எடுக்கும் புது மதர்போர்டிலும் அது அமரும். (6ஆம் தலைமுறைப் போர்டுகள் சில டிடிஆர்3எல் எடுப்பவை, அது உதவாது. பாதி நீளம் என்றால் மடிக்கணினி ரகம், அதுவும் உதவாது.) அது 8 ஜிபி குச்சி என்றால், இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் இப்போதைக்கு 16 ஆகிவிடும். இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடும், 2133 என்றால் 2133தான். ரைசனுக்கு அது கொஞ்சம் இழப்பு. விலை இறங்கும்வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் இருந்தால் 3200 வேகத்தில் 8 ஜிபி இரண்டு கொண்ட ஜோடியாக வாங்குவதே மேல். ஒரே 16 ஜிபி குச்சி வேண்டாம். இரண்டு குச்சி போட்டால்தான் இரண்டு பாதை திறக்கும். விசைப்பலகை, மவுஸ் பழையவையே போதும்.

தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தெரிந்த தயாரிப்பாளரின் எம்.2 என்விஎம்இ, 1 டிபி. 256 ஜிபி வாங்கினால் ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும்.

சூடும் கரண்டும்

ஏஎம்டி சூடாகும் என்ற பேச்சு பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய எஃப்எக்ஸ் வரிசைக் காலத்தது. 2012இன் எஃப்எக்ஸ்-8350 125 வாட் இழுத்தது. இன்றைய 5600 முழு மூச்சில் ஓடினாலும் 76 வாட்டில் நிற்கும். நம் ஊர் அறையில் ஏர்கான் போடாமல் 31 பாகை இருக்கும்போது, விளையாட்டு நடுவில் 75, 80 பாகை காட்டினால் பயப்பட வேண்டாம். அதன் எல்லை 90. நீங்கள் பார்க்க வேண்டியது கேஸை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு என்று இருப்பது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. முன்புறம் வலையாக, உள்ளே இழுக்க இரண்டு விசிறி, பின்னால் வெளியேற்ற ஒன்று, அது போதும். சாமிமாடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் விசிறியில் கம்பளி போலப் படிந்துவிடும்.

இந்தக் கம்ப்யூட்டர் விளையாடும்போது திரையோடு சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 4 மணி நேரம் என்றால் 1.2 யூனிட். யூனிட் 30 காசு என்று போட்டால் நாளுக்கு 36 காசு, மாதம் 11 வெள்ளிக்குள். பையன் விளையாடும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஏர்கான் போடுவானே, உண்மையில் பில்லை ஏற்றுவது அதுதான்.

எங்கே வாங்குவது, பழுதானால் என்ன உரிமை

தேக்காவுக்குப் போகிற ஒரு நாளில் அப்படியே ரோச்சோர் பக்கம் நடந்து சிம் லிம் ஸ்குவேரில் மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்ந்த விலையா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர், மாடல் எண், விலை, உத்தரவாத ஆண்டு நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிகிறதா? 2023இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சல்களுக்கும், இங்கே வரிக்குப் பதிந்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். அது போக, பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கேஸ், விசிறி போன்றவற்றுக்கு அது பரவாயில்லை. கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் வேண்டாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருந்தால் உரிமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இல்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. முதலில் அவர் பழுதுபார்த்துத் தரலாம், அல்லது மாற்றித் தரலாம். நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லை என்றால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். வாங்கிய பிறகு மனம் மாறியதற்கு இது உதவாது, கீழே போட்டு உடைத்ததற்கும் உதவாது. கடைக்காரர் அசையாவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரையிலான வழக்கு, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. முழு மாடல் எண்ணோடு ரசீது வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவும்தான். 'ஐ7' என்று மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு எது வாக்களிக்கப்பட்டது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

கேரோசலில் தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அது கடைக்கும் பயனீட்டாளருக்கும் இடையிலானது. புராசசர், கேஸ், திரை ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். அவை எளிதில் கெடுவதில்லை. கார்டு வாங்குவதானால் புளோக் கீழ்த்தளத்தில் நின்றபடி பணமும் பொருளும் மாற்றிக்கொள்ளாதீர்கள். விற்பவர் வீட்டில் பதினைந்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, விசிறி கரகரக்கிறதா, படத்தில் புள்ளி தெறிக்கிறதா என்று பார்த்து, அசல் ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன், வீட்டுக்கு வந்த பின்

பூட்டும் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள், பூட்டியவரே பொறுப்பு. கடையிலேயே திறந்து டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். புராசசரின் முழுப்பெயர், கார்டின் பெயரும் நினைவக அளவும், ரேமின் வேகம் மூன்றும் அங்கே தெரியும். 3200 ரேம் வாங்கி 2133 அல்லது 2666 காட்டினால், ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் போடவில்லை என்று அர்த்தம். ரைசன் போர்டுகள் சிலவற்றில் அதற்கு டிஓசிபி என்று பெயர். ஒரு நிமிட வேலை, அங்கேயே செய்யச் சொல்லுங்கள். நான்கு ரேம் குழி உள்ள போர்டில் இரண்டு குச்சியும் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது குழியில் இருக்க வேண்டும். டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் செயலில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வேலரன்ட் பிரச்சினை பாதி அங்கே முடிந்தது.

7500எஃப் எடுத்திருந்தால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ள முதல்முறை திறக்கும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கும். பதறிப்போய் சுவிட்சை அணைக்காதீர்கள்.

வீட்டில் திரையின் வயரை மேலே உள்ள மதர்போர்டுக் குழியில் செருகாமல், கீழே படுக்கைவசமாக இருக்கும் கார்டின் குழியில் செருக வேண்டும். இந்த மூன்று புராசசரிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, மேலே செருகினால் படமே வராது. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோர் உண்டு. படம் வந்ததும் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் 60 ஹெர்ட்ஸை 144க்கு மாற்றச் சொல்லுங்கள். அதை மாற்றாமலேயே ஒரு வருடம் 60இல் ஆடிக்கொண்டிருக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

பட்டியல் முடிவானதும், முன்பணம் கொடுப்பதற்கு முன் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.